பெப்பீனோ இம்பஸ்தாத்தோ

ஜுசெப்பே இம்பஸ்தாத்தோ (ஜனவரி 5, 1948 – மே 9, 1978) இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த இடதுசாரி அரசியல் செயற்பாட்டாளரும் வானொலி ஊடகவியலாளரும் ஆவார். பெப்பீனோ என்னும் செல்லப்பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். மாஃபியாவோடு இரத்த உறவும் மண உறவும் கொண்ட குடும்பமொன்றில் பிறந்த இவர், இளம் வயதிலேயே அவ்வமைப்பை வெளிப்படையாக எதிர்த்தார். அதனால் தந்தையால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். தம் ஊரின் மாஃபியாத் தலைவரான கயெத்தானோ பதலமென்தியை வானொலியில் பெயர் சுட்டி எள்ளி நகையாடினார். 1978 ஆம் ஆண்டு, தமது 30 ஆம் அகவையில், கொலை செய்யப்பட்டார். இக்கொலை முதலில் தீவிரவாதச் செயலாகவும் தற்கொலையாகவும் காட்டப்பட்டது. இவருடைய தாயும் தம்பியும் நண்பர்களும் 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய போராட்டத்தின் பின்னரே குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர்.

பின்புலம்

சீனிசி என்பது சிசிலியின் தலைநகரான பலெர்மோவுக்கு மேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த சிற்றூர் ஆகும். வேளாண்மையும் கால்நடை வளர்ப்புமே நெடுங்காலமாக இவ்வூர் மக்களின் தொழிலாக இருந்தன. மேற்குச் சிசிலியின் பல ஊர்களைப் போலவே இங்கும் மாஃபியா வேரூன்றியிருந்தது.

மாஃபியா என்பது வெறும் கொள்ளைக் கூட்டம் அன்று. ஓர் ஊரின் நிலக் குத்தகை, தண்ணீர், கட்டுமான ஒப்பந்தங்கள், தேர்தல் வாக்குகள் ஆகியவற்றைத் தன் பிடியில் வைத்திருக்கும் அதிகார அமைப்பு அது. ஒவ்வோர் ஊரிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. அக்கிளை குடும்பம் என்றே அழைக்கப்படும். உண்மையான குடும்ப உறவுகளும் இந்த அமைப்பைத் தாங்கி நின்றன. திருமணம், ஞானப்பெற்றோர் முறை ஆகியவற்றின் வழியாக உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டனர். கண்டதைக் காணாதது போலவும் கேட்டதைக் கேளாதது போலவும் இருக்க வேண்டும் என்பது அனைவருக்கும் பொதுவான விதியாகும். ஒமெர்த்தா எனப்படும் இம்மௌன விதி உறுப்பினர்களை மட்டுமன்றி அவர்தம் மனைவி மக்களையும் கட்டுப்படுத்தியது.

முசோலினியின் ஆட்சிக் காலத்தில், 1925 இல் பலெர்மோவின் ஆட்சித் தலைவராக அமர்த்தப்பட்ட சேசரே மோரி மாஃபியாவைக் கடுமையாக ஒடுக்கினார். எனினும் அவ்வமைப்பு முற்றாக அழியவில்லை. 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் தரையிறங்கிய பின்னர் அது மீண்டும் தலைதூக்கியது. போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டில் வளர்ந்த கள்ளச்சந்தை அதற்கு வருவாயை அளித்தது.

1960 ஆம் ஆண்டில் பலெர்மோவின் புதிய வானூர்தி நிலையம் சீனிசியின் எல்லையிலுள்ள புந்தா ராயிசியில் திறக்கப்பட்டது. பலத்த காற்று வீசுவதும் மலையடிவாரத்தில் அமைந்ததுமான அவ்விடத்தின் தேர்வு பின்னாளில் பெரிதும் குறை கூறப்பட்டது. நிலையத்தின் கட்டுமானமும், அதற்குத் தேவையான கல், மணல், சுமையுந்துகளும் ஊர் மாஃபியாவுக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தன. பின்னர் இவ்வானூர்தி நிலையம் போதைப்பொருள் கடத்தலுக்கும் வசதியாக அமைந்தது.

குடும்பம்

பெப்பீனோவின் தந்தை லுய்ஜி இம்பஸ்தாத்தோ மாஃபியாவைச் சேர்ந்தவர். பாசிச ஆட்சியின்போது தொலைவிடத்துக்கு அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அமைப்பில் பெரும் பதவி எதையும் அவர் வகிக்கவில்லை. ஆயினும் அவருடைய உறவுகள் பெரிய இடத்தில் இருந்தன. அவருடைய சகோதரியை மணந்த சேசரே மான்செல்லா, சீனிசி மாஃபியாவின் தலைவராக விளங்கினார். கயெத்தானோ பதலமென்தி லுய்ஜியின் நெருங்கிய நண்பர்.

தாய் ஃபெலீச்சா பார்தொலோத்தா 1916 மே 24 அன்று சீனிசியில் பிறந்தவர். அவருடைய தந்தை நகராட்சி ஊழியர். மாஃபியாத் தொடர்பு இல்லாத எளிய குடும்பம் அது. ஃபெலீச்சா 1947 இல் லுய்ஜியை மணந்தார். மறு ஆண்டு பெப்பீனோ பிறந்தார். 1949 இல் பிறந்த இரண்டாவது மகனான ஜொவான்னி மூன்று வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தான். 1953 இல் பிறந்த மூன்றாவது மகனுக்கும் ஜொவான்னி என்றே பெயரிடப்பட்டது.

தம்பி இறந்த காலத்தில் பெப்பீனோ தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தம் குழந்தைப்பருவத்தின் ஒரு பகுதியை அங்கேயே கழித்தார். ஆகவே மாஃபியாவின் பெருமை பேசப்பட்ட தந்தைவழி உறவும், அரசு ஊழியத்தில் வாழ்ந்த தாய்வழி உறவும் ஆகிய இரு வேறு உலகங்களையும் அவர் சிறு வயதிலேயே கண்டார்.

கணவர் பதலமென்தியோடு கொண்டிருந்த நட்பை ஃபெலீச்சா விரும்பவில்லை. இது குறித்து வீட்டில் அடிக்கடி சண்டை நிகழ்ந்தது. தலைமறைவாக இருப்போர்க்கு வீட்டில் இடமளிப்பதையும் அவர் எதிர்த்தார். எனினும், மாஃபியாக் குடும்பத்துள் மணம் முடித்த பெண் அதைவிட்டு வெளியேறுவது அக்காலச் சிசிலியில் ஏறக்குறைய இயலாத ஒன்றாகவே இருந்தது.

மான்செல்லா கொலை

1962 டிசம்பரில், ஹெரோயின் சரக்கு ஒன்றைப் பற்றிய பிணக்கைத் தொடர்ந்து பலெர்மோவின் மாஃபியாக் குழுக்களிடையே மோதல் மூண்டது. இது முதலாம் மாஃபியாப் போர் எனப்படுகிறது. அதன் தொடர்ச்சியாக 1963 ஏப்ரல் 26 அன்று, வெடிமருந்து நிரப்பப்பட்ட ஆல்ஃபா ரோமியோ ஜூலியெத்தா மகிழுந்து ஒன்றின் மூலம் சேசரே மான்செல்லா கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று பலெர்மோவை அடுத்த சியாக்குல்லியில் இதே போன்றதொரு மகிழுந்துக் குண்டு வெடித்து, அதனைச் செயலிழக்கச் செய்ய வந்த காவற்படையினரும் படைவீரர்களுமாக 7 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே இத்தாலிய அரசு மாஃபியாவுக்கு எதிராகப் பெருமளவிலான கைது நடவடிக்கைகளை மேற்கொண்டது.

மான்செல்லா கொல்லப்பட்டபோது பெப்பீனோவுக்கு வயது 15. ஊரே வணங்கிய தம் மாமாவின் உடல் சிதறிக் கிடந்த செய்தி அவரைப் பெரிதும் பாதித்தது. மரியாதைக்குரிய தொழில் என்று வீட்டில் சொல்லப்பட்டதன் உண்மையான இயல்பு அவருக்கு விளங்கத் தொடங்கியது. இதன் பின்னர் அவர் ஓவியரும் சீனிசியின் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமான ஸ்தேஃபானோ வெனூத்தியைச் சந்தித்தார். வெனூத்தி ஊரில் மாஃபியாவை வெளிப்படையாக எதிர்த்துவந்த மிகச் சிலருள் ஒருவர். பெப்பீனோவின் அரசியல் ஈடுபாடு அச்சந்திப்பிலிருந்து தொடங்கியது எனலாம்.

மான்செல்லாவின் இடத்துக்குப் பதலமென்தி வந்தார். 1970களில் அவர் சிசிலி மாஃபியாவின் உயர்நிலை ஆணையத்துக்கே தலைமை வகிக்கும் அளவுக்கு வளர்ந்தார். அமெரிக்காவுக்கு ஹெரோயின் கடத்துவதில் முதன்மையானவர்களுள் ஒருவராகவும் இருந்தார். சீனிசியின் முதன்மைத் தெருவில், இம்பஸ்தாத்தோ குடும்பத்தின் வீட்டுக்கு மிக அருகிலேயே அவர் வீடும் இருந்தது.

இதழும் வீட்டிலிருந்து வெளியேற்றமும்

பெப்பீனோ பார்த்தினீகோ நகரிலுள்ள செவ்வியல் மொழிகள் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பில் சேர்ந்தார். 1965 இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, நண்பர்களுடன் சேர்ந்து லிதேயா சோசலிஸ்தா (சோசலிசக் கருத்து என்று பொருள்) என்னும் சிறு இதழைத் தொடங்கினார். அதே காலத்தில் பாட்டாளி ஒற்றுமைக்கான இத்தாலிய சோசலிசக் கட்சியில் இணைந்தார்.

இவ்விதழில் மாஃபியாவை மலக் குவியலுக்கு ஒப்பிட்டுத் தலைப்பிட்ட கட்டுரை ஒன்றை அவர் எழுதினார். மாஃபியா என்ற சொல்லையே பொதுவிடத்தில் உச்சரிக்கத் தயங்கிய காலம் அது. அத்தகைய ஒரு கூட்டமே இல்லை என்று சில அரசியல்வாதிகளும் திருச்சபையினர் சிலரும் கூறிவந்தனர். அந்நிலையில், மாஃபியாவைச் சேர்ந்த ஒருவரின் மகனே இவ்வாறு எழுதியது ஊரில் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

இதனால் தந்தைக்கு இரு வகையில் நெருக்கடி நேர்ந்தது. ஒருபுறம் தம் நண்பர்கள் முன்னிலையில் அவருடைய மதிப்புக் குறைந்தது. மகனையே அடக்க முடியாதவனை அமைப்பு நம்புவதில்லை. மறுபுறம், மகனின் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. பெப்பீனோவை அவர் வீட்டைவிட்டு வெளியேற்றினார். ஃபெலீச்சா இருவருக்கும் இடையே நின்றார். கணவர் இல்லாத வேளைகளில் மகனை வீட்டுக்குள் அழைத்து உணவளித்தார். மகனுடைய கருத்துகளை முழுவதும் அறியாதிருந்தபோதும், அவன் செய்வது சரியே என்ற உணர்வு தமக்கு இருந்ததைப் பின்னாளில் அவர் விளக்கியுள்ளார்.

1967 ஆம் ஆண்டில் சமூகச் சீர்திருத்தவாதியான தானிலோ தொல்ச்சி மேற்குச் சிசிலியில் அமைதிக்காகவும் வறுமை ஒழிப்புக்காகவும் ஒரு நெடும் நடைப்பயணத்தை நடத்தினார். உண்ணாநோன்பு, அறப்போர் ஆகிய வழிகளைக் கையாண்டமையால் தொல்ச்சி சிசிலியின் காந்தி எனப் புகழப்பட்டவர். பெப்பீனோ இந்நடைப்பயணத்தில் பங்கேற்று, அது பற்றித் தம் இதழில் எழுதினார்.

மக்கள் போராட்டங்கள்

1968 முதல் பெப்பீனோ புதிய இடதுசாரிக் குழுக்களில் செயல்பட்டார். புந்தா ராயிசி வானூர்தி நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைக்காகச் சீனிசி உழவர்களின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டபோது, அவர்களைத் திரட்டிப் போராடினார். கட்டடத் தொழிலாளர்கள், வேலையற்றோர் ஆகியோரின் போராட்டங்களிலும் முன்னின்றார். இப்போராட்டங்களின்போது அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. நிலம் இழந்த உழவரும், ஒப்பந்தத்தால் பயன் பெற்றவரும், ஒப்பந்தத்தை வழங்கிய நகராட்சியாளரும் ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். மாஃபியாவை எதிர்ப்பது என்பது துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் எதிர்ப்பதன்று, அவரோடு கைகோத்த அரசியலையும் வணிகத்தையும் எதிர்ப்பதாகும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1970களின் நடுவில் இசையும் பண்பாடும் என்னும் பொருள்படும் மூசிக்கா எ குல்த்தூரா என்ற மன்றத்தை நிறுவினார். திரைப்படக் காட்சிகள், இசை நிகழ்ச்சிகள், நாடகங்கள், விவாதங்கள் முதலியன இம்மன்றத்தில் நடைபெற்றன. அரசியல் கூட்டங்களுக்கு வரத் தயங்கிய இளைஞர்களும் இளம் பெண்களும் இங்கே கூடினர். பெண்ணியக் குழு ஒன்றும் இம்மன்றத்துள் செயல்பட்டது.

ரேடியோ அவுத்

இத்தாலியில் ஒலிபரப்பு அரசு நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்துவந்தது. 1976 இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் அளவில் தனியார் ஒலிபரப்பை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. இதனைத் தொடர்ந்து நாடெங்கும் நூற்றுக்கணக்கான சிறு வானொலிகள் தோன்றின. பெப்பீனோவும் நண்பர்களும் தம் சொந்தப் பணத்தில் 1977 இல் அண்டை ஊரான தெராசினியில் ரேடியோ அவுத் என்னும் வானொலியைத் தொடங்கினர்.

இவ்வானொலியின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஓந்தா பாத்சா ஆகும். பித்துப் பிடித்த அலை என்பது இதன் பொருள். ஊர் நிகழ்வுகளை அங்கத நாடகமாக மாற்றி வழங்குவதே நிகழ்ச்சியின் முறை. சீனிசி ஊருக்கு மாஃபியோப்பொலி, அதாவது மாஃபியாபுரி, என்று பெயர் சூட்டப்பட்டது. பதலமென்திக்கு அமர்ந்த தானோ என்னும் பொருள்படும் பட்டப்பெயர் இடப்பட்டது. தானோ என்பது கயெத்தானோ என்ற பெயரின் சுருக்கம். அமர்ந்த எருது எனப் பொருள்படும் பெயர் கொண்ட அமெரிக்கப் பழங்குடித் தலைவரை நினைவூட்டும் சொல் விளையாட்டு அது. நகராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் கூட இந்நிகழ்ச்சியில் பாத்திரங்களாயினர். யார் எந்த ஒப்பந்தத்தைப் பெற்றார், எந்தக் கட்டடத்துக்கு யார் அனுமதி வழங்கினார் என்ற செய்திகள் நகைச்சுவையோடு ஒலிபரப்பாயின.

மாஃபியாவின் வலிமைக்கு அடிப்படை அச்சமும் அதன்வழி வரும் மரியாதையுமாகும். காவல்துறை கைது செய்தால் தலைவரின் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் ஊரார் அவரைக் கேட்டுச் சிரித்தால் மதிப்புக் குறைந்துவிடும். பெப்பீனோவின் அங்கதம் எதிரிகளுக்கு ஏன் பொறுக்க முடியாததாக இருந்தது என்பதற்கு இதுவே காரணமாகும். அதிலும், அச்சிரிப்பை எழுப்பியவர் அயலார் அல்லர். தம் நெருங்கிய நண்பரின் மகன்.

தந்தையின் மரணம்

1977 இல் லுய்ஜி திடீரென அமெரிக்காவுக்குப் பயணமாகி, அங்கிருந்த உறவினர்களைச் சந்தித்தார். பெப்பீனோவைக் கொல்வதற்கு முன் தம்மையே கொல்ல வேண்டியிருக்கும் என்று அங்கே அவர் கூறியதாக உறவினர்கள் பின்னர் தெரிவித்தனர். வாழ்நாள் முழுவதும் மகனைக் கண்டித்த தந்தை, அதே வேளையில் அவனுக்குக் காவலாகவும் இருந்தார் என்பது இதனால் புலப்படுகிறது.

நாடு திரும்பிய லுய்ஜி 1977 செப்டம்பரில் மகிழுந்து மோதி உயிரிழந்தார். இறுதிச் சடங்கில், இரங்கல் தெரிவிக்க வந்த மாஃபியாவினருடன் பெப்பீனோ கைகுலுக்க மறுத்தார். சிசிலியின் வழக்கப்படி இது பெரும் அவமதிப்பாகும். தந்தையின் மறைவோடு பெப்பீனோவைச் சூழ்ந்திருந்த கடைசிப் பாதுகாப்பும் நீங்கியது.

கொலை

1978 மே மாதம் சீனிசியில் நகராட்சித் தேர்தல் நடைபெறவிருந்தது. பாட்டாளி சனநாயகம் என்னும் கட்சியின் பட்டியலில் பெப்பீனோ வேட்பாளராக நின்றார். மாஃபியாவாலும் கட்டுமானத் தொழிலாலும் ஊர் நிலப்பரப்பு சீர்குலைக்கப்பட்டதைக் காட்டும் ஒளிப்படக் காட்சி ஒன்றையும் அவரும் நண்பர்களும் நடத்தினர்.

மே 8 இரவு பெப்பீனோ கடத்தப்பட்டார். இருப்புப்பாதைக்கு அருகிலிருந்த சிறு கட்டடம் ஒன்றில் வைத்துத் தாக்கப்பட்டார். பின்னர் பலெர்மோ – திராப்பானி இருப்புப்பாதையின் மீது கிடத்தப்பட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டார். வெடிப்பு மே 9 அதிகாலையில் நிகழ்ந்தது. உடல் பல நூறு மீட்டர் தொலைவுக்குச் சிதறியிருந்தது.

அதே மே 9 அன்று, சிவப்புப் படையணி என்னும் தீவிரவாதக் குழுவால் கடத்தப்பட்டிருந்த முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவின் உடல் ரோமில் ஒரு மகிழுந்தில் கண்டெடுக்கப்பட்டது. நாட்டின் கவனம் முழுவதும் அந்நிகழ்வின் மீதே குவிந்தது. சிசிலிச் சிற்றூர் ஒன்றின் இளைஞருடைய மரணம் செய்தித்தாள்களின் ஓரங்களில் இடம்பெற்றது.

மே 14 அன்று தேர்தல் நடைபெற்றது. சீனிசி வாக்காளர்கள் இறந்துபோன பெப்பீனோவின் பெயருக்கு வாக்களித்து அவரை நகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

விசாரணையின் திசைதிருப்பல்

இருப்புப்பாதையில் குண்டு வைக்க முயன்றபோது பெப்பீனோ தற்செயலாக இறந்தார் என்று காவற்படையினர் முடிவு செய்தனர். இடதுசாரித் தீவிரவாதம் உச்சத்தில் இருந்த காலமாதலால் இவ்விளக்கம் எளிதில் ஏற்கப்பட்டது. அவர் தங்கியிருந்த உறவினர் வீட்டில் ஒரு கடிதம் கண்டெடுக்கப்பட்டது. அரசியலிலும் வாழ்விலும் சலிப்புற்ற மனநிலையில் பல மாதங்களுக்கு முன்னர் எழுதப்பட்ட அக்கடிதம், தற்கொலைக்கான சான்றாக முன்வைக்கப்பட்டது. மாஃபியாவினரின் வீடுகள் சோதிக்கப்படவில்லை. வெடிமருந்து எளிதில் கிடைக்கும் கற்குவாரிகளும் சோதிக்கப்படவில்லை. மாறாக, பெப்பீனோவின் வீட்டிலும் நண்பர்களின் வீடுகளிலும் சோதனை நடைபெற்றது.

காவற்படையினர் விட்டுச்சென்ற இடத்தில் நண்பர்களே தேடினர். சிதறிக் கிடந்த உடல் எச்சங்களை அவர்கள் சேகரித்தனர். அருகிலிருந்த கட்டடத்துள் இரத்தக் கறை படிந்த கற்களைக் கண்டெடுத்தனர். வெடிப்புக்கு முன்னரே வேறோர் இடத்தில் அவர் தாக்கப்பட்டார் என்பதற்கு இக்கற்களே முதன்மைச் சான்றாக அமைந்தன.

தாயின் முடிவு

கொலைக்குப் பின்னர் ஃபெலீச்சாவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மரபுப்படி வாய்மூடி இருத்தல். மற்றொன்று, மரபுப்படியே பழிவாங்குதல். அமெரிக்காவிலிருந்த கணவரின் உறவினர்கள் பழிக்குப் பழி வாங்க முன்வந்தனர். ஃபெலீச்சா இவ்விரண்டையும் ஏற்கவில்லை. மகன் அவர்களைச் சார்ந்தவன் அல்லன், அவன் பொருட்டு எவரும் கொல்லப்படக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். அவரும் ஜொவான்னியும் மாஃபியா உறவினர்களுடன் இருந்த தொடர்பை முற்றாகத் துண்டித்தனர். நீதிமன்ற வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பாகத் தம்மைப் பதிவு செய்துகொண்டனர். சிசிலியில் மாஃபியாக் குடும்பத்துப் பெண்ணொருவர் இவ்வாறு நீதிமன்றத்தை நாடியது மிக அரிதான நிகழ்வாகும்.

தம் வீட்டின் கதவை அவர் எவருக்கும் மூடவில்லை. மாணவர்களும் இதழாளர்களும் வந்து கேட்டபோதெல்லாம் மகனின் கதையைச் சொன்னார். அவருடைய வாழ்க்கை வரலாறு, என் வீட்டில் மாஃபியா எனப் பொருள்படும் தலைப்பில் 1986 இல் நூலாக வெளிவந்தது. பலெர்மோவிலுள்ள சிசிலிய ஆவண மையத்தை நிறுவிய உம்பெர்த்தோ சாந்தினோவும் ஆன்னா புலீசியும் அவருடைய வாய்மொழியைப் பதிவு செய்து இந்நூலை ஆக்கினர். 1977 இல் தொடங்கப்பட்ட அம்மையத்துக்கு 1980 இல் பெப்பீனோவின் பெயர் சூட்டப்பட்டது. கொலையின் முதலாம் ஆண்டு நினைவாக 1979 மே 9 அன்று இம்மையமும் நண்பர்களும் நடத்திய பேரணி, இத்தாலிய வரலாற்றில் மாஃபியாவுக்கு எதிராக நாடு தழுவிய அளவில் நடைபெற்ற முதல் பேரணியாகக் கருதப்படுகிறது.

வழக்கும் தீர்ப்பும்

பலெர்மோவின் தலைமைப் புலனாய்வு நீதிபதி ரோக்கோ கின்னீச்சி இவ்வழக்கை மீண்டும் ஆராயத் தொடங்கினார். 1983 ஜூலை 29 அன்று அவரும் மாஃபியாவின் மகிழுந்துக் குண்டுக்குப் பலியானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அந்தோனினோ கப்போனெத்தோ 1984 மே மாதம் வெளியிட்ட ஆணையில், பெப்பீனோவின் மரணம் மாஃபியாவின் கொலை என்பது முதன்முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் கொலையாளிகள் அறியப்படாதவர்கள் என்றே அதில் குறிப்பிடப்பட்டது. 1992 இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

ஃபெலீச்சாவும் ஜொவான்னியும் ஆவண மையமும் ஓயவில்லை. 1994 இல் வழக்கை மீண்டும் திறக்குமாறு மனு அளித்தனர். சீனிசி மாஃபியாவிலிருந்து விலகி அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய சல்வத்தோரே பலத்சோலோ, கொலைக்கு ஆணையிட்டவர்கள் பதலமென்தியும் அவருடைய துணைத் தலைவர் வீத்தோ பலத்சோலோவும் என்று கூறினார். 1996 இல் விசாரணை மீண்டும் தொடங்கியது.

பதலமென்தி அப்போது அமெரிக்கச் சிறையில் இருந்தார். 1984 இல் மத்ரித் நகரில் கைதான அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பீட்சா கடைகளின் வழியாக ஹெரோயின் விற்ற வழக்கில் 45 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றிருந்தார். கொலை வழக்கு விசாரணையில் அவர் காணொளி இணைப்பின் வழியாகவே பங்கேற்றார். முதிய வயதில் நீதிமன்றத்துக்கு வந்த ஃபெலீச்சா, திரையில் தெரிந்த அவரைச் சுட்டி, மகனைக் கொல்வித்தவர் அவரே என்று சாட்சியம் அளித்தார்.

2001 மார்ச் 5 அன்று வீத்தோ பலத்சோலோவுக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2002 ஏப்ரல் 11 அன்று பதலமென்திக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொலை நிகழ்ந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. இதற்கிடையே, 2000 டிசம்பர் 6 அன்று இத்தாலிய நாடாளுமன்றத்தின் மாஃபியா எதிர்ப்பு ஆணையம் ஓர் அறிக்கையை ஏற்றது. விசாரணை திசைதிருப்பப்பட்டதில் அரசு அலுவலர்களுக்குப் பொறுப்பு உண்டு என்பது அவ்வறிக்கையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பதலமென்தி 2004 ஏப்ரலில் அமெரிக்கச் சிறை மருத்துவமனையில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று ஃபெலீச்சா தம் 88 ஆம் அகவையில் சீனிசியில் காலமானார்.

நினைவும் தாக்கமும்

2000 ஆம் ஆண்டில் மார்கோ தூல்லியோ ஜொர்தானா இயக்கிய நூறு காலடிகள் என்னும் பொருள்படும் இ சென்தோ பாசி திரைப்படம் பெப்பீனோவின் வாழ்வை இத்தாலி முழுவதும் அறியச் செய்தது. பெப்பீனோவின் வீட்டுக்கும் பதலமென்தியின் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவையே இத்தலைப்புக் குறிக்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றது. பெப்பீனோவாக நடித்தவர் லுய்ஜி லோ காசியோ. ஃபெலீச்சாவின் போராட்டத்தை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்று 2016 இல் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

இம்பஸ்தாத்தோ குடும்பத்தின் வீடு 2005 முதல் நினைவு இல்லமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரசால் பறிமுதல் செய்யப்பட்ட பதலமென்தியின் வீடு 2010 இல் இந்நினைவு இல்லத்தை நடத்தும் அமைப்பிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஊரார் அஞ்சிக் கடந்துசென்ற வீட்டுக்குள் இவ்வாறு பண்பாட்டு நிகழ்ச்சிகள் நுழைந்தன. ஆண்டுதோறும் மே 9 அன்று தெராசினியில் ரேடியோ அவுத் இயங்கிய இடத்திலிருந்து சீனிசியின் நினைவு இல்லம் வரை பேரணி நடைபெறுவது வழக்கம்.

மாஃபியாவுக்கு எதிராக உயிர்நீத்தோர் பட்டியலில் நீதிபதிகள், காவல் அதிகாரிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், குருமார்கள் எனப் பலர் உள்ளனர். அவர்களுள் பெப்பீனோவின் இடம் தனித்தன்மை உடையது. அவர் எதிர்த்தது முதலில் தம் தந்தையின் நட்பையும், தம் மாமாவின் பெருமையையும், தாம் உண்டு வளர்ந்த வீட்டின் மௌனத்தையும் ஆகும். குற்றக் கூட்டத்தில் பிறந்த பிள்ளை அதன் வழியே சென்றாக வேண்டும் என்பது விதியன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அவ்வாறு விலகுவதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை எத்தகையது என்பதையும் அது காட்டுகிறது.